பூச்சி எங்கே ஒளிந்திருக்கிறது? சின்னக் குழந்தைகளுக்கு எந்த விளையாட்டை முதலில் கொடுக்கலாம்

நான்கு வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பூச்சிகளின் உருமறைப்பை, அதாவது சுற்றுப்புறத்தோடு ஒன்றிக் கண்ணில் படாமல் ஒளிவதை, படம் காட்டிச் சொல்லாமல், வெளியே மண்ணிலும் மரத்தடியிலும் விளையாடவிட்டுப் புரியவைக்க வேண்டும் என்று ஒரு டீச்சரோ பெற்றோரோ முடிவு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் கேள்வி, எந்த விளையாட்டு என்பது. நம் ஊரில் செலவில்லாமலோ சிறு செலவிலோ செய்யக்கூடியவை ஐந்து. புல்லில் கலர் நூலைத் தூவிப் பொறுக்குவது, காகிதப் பூச்சியை மரத்தில் ஒளித்து வைப்பது, உண்மையான பூச்சியைச் செடியில் தேடுவது, ஒரு புழுவை டப்பாவில் வளர்ப்பது, வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிப் போவது. ஐந்திலுமே குழந்தைகள் குதூகலமாக இருப்பார்கள். ஆனால் உருமறைப்பைக் கற்றுத் தருபவை அவற்றில் சில மட்டுமே. அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில், குழந்தைக்கு என்ன புரிய வேண்டும்? பாடப் படங்களில் பெரும்பாலும் பச்சை இலைமேல் ஒரு பச்சைப் புழு இருக்கும். நிறம் ஒன்றாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதோடு பாடம் முடிந்துவிடும். அது பாதிப் பாடம்தான். கும்பிடுபூச்சி பச்சையாக இருப்பதால் மட்டும் மறைவதில்லை, அசையாமல் நிற்பதால் மறைகிறது. குச்சிப்பூச்சி முன்கால்களை நேராக நீட்டித் தன் உடம்பை இன்னும் நீளமான குச்சியாகக் காட்டுகிறது, காற்றடித்தால் சேர்ந்து ஆடுகிறது. மாமரத்தில் வாழும் ஒரு வண்ணத்துப்பூச்சிப் புழு இருக்கிறது. அது இலையின் நடுநரம்பின் மேலேயே நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். முதுகில் ஓடும் வெளிர்கோடு நரம்பாகத் தெரியும். இரண்டு பக்கமும் இறகு போல விரிந்த கிளைகள் இலையோடு ஒட்டிக்கிடப்பதால் உடம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது, நிழலும் விழாது. அதே புழு ஒரு விரற்கடை தள்ளிக் குறுக்கே படுத்திருந்தால் நாம் உடனே பார்த்துவிடுவோம்.

ஆக நிறம், உட்காரும் இடம், உட்காரும் விதம், அசையாமை எல்லாம் சேர்ந்ததுதான் உருமறைப்பு. ஒரு விளையாட்டு இவற்றில் எத்தனையைத் தொடுகிறது என்பதை வைத்துத்தான் அதன் தகுதியைப் பார்க்கிறேன்.

நூல் விளையாட்டு பல நாடுகளில் வகுப்புகளில் நடப்பது. எங்கோ பல்குச்சி, எங்கோ காகிதத் துண்டு, நமக்கு உல்லன் நூல். பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் என 5 நிறம், நிறத்துக்கு 20 துண்டு, விரல் நீளம். இவற்றை 3 மீட்டர் சதுரப் புல்தரையில் தூவிவிட வேண்டும். குழந்தைகள்தான் மைனா. விசில் அடித்ததும் ஓடிவந்து ஒரே ஒரு ‘புழு’வை எடுத்துக் கூட்டில், அதாவது ஒரு கொட்டாங்குச்சியில், போட்டுவிட்டு அடுத்ததுக்குத் திரும்ப வர வேண்டும். அரை நிமிடத்தில் மறுபடி விசில். அப்புறம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நிறம் பிரித்து வரிசையாக அடுக்கினால், சிவப்பு வரிசை நீண்டும் பச்சை வரிசை குட்டையாகவும் இருக்கும். எண்ணத் தெரியாத குழந்தைக்குக்கூட இந்த வரிசை புரியும்.

இதன் பலம் தெளிவானது. நிறையக் குழந்தைகளை ஒரே நேரத்தில் ஆடவிடலாம், எந்த மாதத்திலும் ஆடலாம், ஒரு பூச்சிக்கும் தொந்தரவு இல்லை, கணக்கும் கூடவே வரும். ஆனால் 5 வயதுக்குக் கீழே ஒரு சிக்கல் உண்டு. குழந்தை சிவப்பு நூலை எடுப்பது அது பளிச்சென்று தெரிவதால் அல்ல, அதற்குச் சிவப்பு பிடிக்கும் என்பதால். பிடித்த நிறமும் கண்ணில் பட்ட நிறமும் அந்த வயதில் ஒன்றாகவே கலந்து கிடக்கும். பெரியவர் அதைக் கவனிக்காமல் “பார்த்தீர்களா, சிவப்புதான் மாட்டிக்கொண்டது” என்று சொன்னால், குழந்தை எடுத்த காரணமும் நாம் சொன்ன காரணமும் வேறு வேறு.

இரண்டாவது சிக்கல் உண்மையில் ஒரு பரிசு. முதல் ஆட்டத்தில் பச்சை தப்பித்துவிட்டது என்று தெரிந்ததும், அடுத்த ஆட்டத்தில் கெட்டிக்காரக் குழந்தைகள் பச்சையை மட்டும் தேடுவார்கள், கண்டுபிடித்தும் விடுவார்கள். விளையாட்டு கெட்டுவிட்டது என்று டீச்சர் நினைக்கத் தேவையில்லை, உண்மைப் பறவைகளும் அப்படித்தான். டச்சு ஆய்வாளர் லூக் டின்பெர்கன் பைன் காட்டில் பட்டாணிக்குருவிகள் புழு பிடிப்பதைக் கவனித்து எழுதியது 1960இல் வெளியானது. ஒரு வகைப் புழுவைச் சில முறை கண்டுபிடித்தபின் குருவியின் கண் அந்த உருவத்துக்குப் பழகிவிடுகிறது, அதன்பின் அதே புழுவை அதிகமாகப் பிடிக்கிறது என்பது அவர் முன்வைத்த கருத்து. “முதலில் ஏன் தெரியவில்லை, இப்போது ஏன் தெரிகிறது?” என்று அந்த நேரத்தில் குழந்தைகளைக் கேட்டால், வரும் பதில்கள் கேட்கவே அருமையாக இருக்கும்.

நூல் விளையாட்டை ஆடுவதாக இருந்தால் ஒரு நிபந்தனை வைப்பேன். ஒரே புல்தரையில் ஆடி முடித்துவிடக் கூடாது. அதே நூல்களை வேப்பமரத்தடிச் சருகில் தூவி இன்னொரு முறை ஆட வேண்டும். அங்கே பச்சை மாட்டிக்கொள்ளும், பழுப்பு தப்பிக்கும். பச்சைதான் ஒளியும் நிறம் என்ற தவறான முடிவோடு குழந்தை வீட்டுக்குப் போகாமல் இருக்க இது ஒன்றே வழி. மே மாதத்தில் புல்லே காய்ந்து பழுப்பாக இருக்கும் ஊர்களில் இது இன்னும் முக்கியம். இன்னொன்று, ஆண் குழந்தைகளில் சிலருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. ஒரு பையன் சிவப்பை விட்டுவிட்டு மஞ்சளையும் நீலத்தையும் மட்டும் எடுத்தால் கேலி செய்ய விடாமல், வீட்டில் மெதுவாகச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தாலும் நூல் விளையாட்டு நிறத்தை மட்டுமே தொடுகிறது. நூல் எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கிறது, அது எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. குழந்தையும் முழுக்க முழுக்கப் பறவையின் பக்கம்தான். ஒளிந்துகொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று அதற்குத் தெரியாமலே போய்விடும்.

காகிதப் பூச்சி அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுகிறது. இதை இரண்டு விதமாகச் செய்யலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தோன்றும், ஆனால் மிகப் பெரியது.

வழக்கமான விதத்தில் குழந்தை ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பொருத்தமாக ஒரு அந்துப்பூச்சியைக் கலர் செய்து, ஒட்டி மறைக்கும். பட்டைமேல் வெள்ளைத் தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பட்டையின் வரிகள் அப்படியே தாளில் இறங்கும். அதிலிருந்து இறக்கை வெட்டினால் பெரியவர்களே ஏமாந்துவிடுவார்கள். வேம்பின் வெடிப்பும், தென்னையின் வளையங்களும், கொய்யாவின் உரிந்த பட்டையில் இருக்கும் திட்டுத் திட்டான பச்சையும் செம்பும் எவ்வளவு வேறு வேறு என்பதைக் கை வழியாகவே குழந்தை தெரிந்துகொள்ளும். மரத்தைத் தடவிப் பார்த்து ஒரு நாளும் பழகாத நகரத்துக் குழந்தைக்கு இது ஒன்றே போதும் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் இதில் ஒரு தப்புக் கருத்து ஒட்டிக்கொள்கிறது. மரத்தைப் பார்த்துக் குழந்தை கலர் அடித்தது போலவே, பூச்சியும் மரத்தைப் பார்த்துத் தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது என்று குழந்தை நினைத்துவிடும். “பூச்சி பச்சையா மாறிடுச்சு” என்று எத்தனை குழந்தைகள் சொல்லிக் கேட்டிருப்போம். பச்சோந்திக் கதைகளும் இதற்கு உரம் போடுகின்றன. (பச்சோந்திகூட நிறம் மாறுவது பெரும்பாலும் இன்னொரு பச்சோந்திக்கு சேதி சொல்லவும் வெயிலுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளவும்தான்.) பெரும்பாலான அந்துப்பூச்சிகளுக்குப் பிறந்த நிறம் பிறந்த நிறம்தான். அவற்றால் செய்ய முடிந்தது, அந்த நிறத்துக்கு ஏற்ற இடம் பார்த்து உட்கார்வது.

அதனால் நான் பரிந்துரைப்பது இரண்டாவது விதத்தை. கலர் அடித்த பூச்சிகளைப் பெரியவரே முன்கூட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். சாம்பல், பழுப்பு, பச்சை, வரி போட்டது, புள்ளி போட்டது, பளிச்சென்ற ஆரஞ்சு என்று எல்லாம் கலந்து இருக்கட்டும். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். “இதுதான் நீ. உன் நிறம் இதுதான், மாற்ற முடியாது. மைனா வருவதற்குள் எங்கே போய் உட்காருவாய்?” இவ்வளவுதான் கேள்வி. இப்போது குழந்தை ஓடிப்போய்ச் சுவர், கல், சருகு, பட்டை எல்லாவற்றையும் பூச்சியின் கண்ணோடு பார்க்க ஆரம்பிக்கும். வரி போட்ட பூச்சி கிடைத்த குழந்தை அதைப் பட்டையில் வைத்துப் பார்த்து, எடுத்து, திருப்பி, மறுபடி வைக்கும். உண்மைப் பூச்சிகளில் சிலவும் இதைச் செய்கின்றன. தென்கொரியாவில் ஆய்வாளர்கள் கவனித்தபோது, சில அந்துப்பூச்சிகள் மரப்பட்டையில் இறங்கிய பிறகு கொஞ்சம் நகர்ந்து, உடம்பைத் திருப்பி, முன்பைவிட நன்றாக மறையும் நிலையில் அமர்ந்தன. 5 வயதுக் குழந்தை தன் கையால் அதே வேலையைச் செய்வதைப் பார்க்கும்போது, சொல்லிக்கொடுக்க வேறு என்ன மிச்சமிருக்கிறது?

ஆரஞ்சுப் பூச்சி கிடைத்த குழந்தை அழக்கூடும். அதற்கும் பூவரசம் பழுத்த இலையோ செங்கல் துண்டோ எங்காவது இருக்கும், தேடவிடுங்கள்.

ஒளித்தவர்கள் ஒதுங்கி நிற்க, மற்றொரு குழு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையில் போட்ட கயிற்றைத் தாண்டாமல், கண்ணால் மட்டும் தேடி நடக்க வேண்டும். ஓடித் தேடினால் ஒன்றும் தெரியாது, நின்று பார்த்தால்தான் தெரியும் என்பதை இரண்டாம் சுற்றிலேயே கற்றுக்கொள்வார்கள். இறக்கையைத் தூக்கி ஒட்டியது நிழல் விழுந்து மாட்டிக்கொள்ளும், தட்டையாக அழுத்தி ஒட்டியது தப்பிக்கும். காற்றில் படபடத்தது எல்லாவற்றுக்கும் முன் மாட்டிக்கொள்ளும். நிறம், இடம், விதம், அசையாமை என்று மேலே சொன்ன அத்தனையும் இந்த ஒரே விளையாட்டில் வந்துவிடுகிறது. கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடிய குழந்தைக்கு இதன் விதிகளை விளக்கவே தேவையில்லை, மணலுக்குள் குச்சியை ஒளிப்பவரின் முகபாவம் முதற்கொண்டு அங்கேயே பழகியிருக்கும்.

நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒன்றை எதிர்பார்க்கலாம். தன் பூச்சியை யாரும் கண்டுபிடிக்காமல் இருப்பதை அவர்களால் தாங்க முடியாது. “இதோ இங்கே!” என்று ஓடிவந்து காட்டிவிடுவார்கள். தடுக்க வேண்டாம். அந்த வயதில் ஒளிப்பதைவிடக் கண்டுபிடிக்கப்படுவதுதான் சந்தோஷம்.

மரத்தில் ஆணி, குண்டூசி வேண்டாம். மைதா பசை போதும். ஆட்டம் முடிந்ததும் வைத்த அத்தனையையும் எண்ணி எடுத்துவிட வேண்டும்.

ஏழு, எட்டு வயதுக் குழந்தைகள் கூட இருந்தால் இங்கிலாந்தின் அந்துப்பூச்சிக் கதையைச் சொல்லலாம். வெளிர் நிறத்தில் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு வகை அது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்துப்போன மான்செஸ்டரில் 1848இல் அதன் முழுக் கறுப்பு வடிவம் பதிவானது. பிறகு அந்தக் கறுப்பு பெருகியது, புகை குறைந்தபின் அதுவும் குறைந்தது. ஆய்வாளர் பெர்னார்ட் கெட்டில்வெல் 1953இல் பர்மிங்ஹாம் அருகே காட்டில் இரண்டு நிறத்தையும் விட்டுப் பார்த்து, கரி படிந்த இடத்தில் வெளிர் நிறத்தவை அதிகம் இரையாவதைக் காட்டினார். எந்தப் பூச்சியும் தன்னைக் கறுப்பாக மாற்றிக்கொள்ளவில்லை, தப்பித்தவற்றின் குஞ்சுகள்தான் பெருகின. ஐந்து வயதில் இது வேண்டாம்.

அடுத்தது உண்மைப் பூச்சியைத் தேடுவது. இதற்கு இணையாக எதுவும் இல்லை. ஆனால் முதல் நாளே இதில் இறங்குவது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். உருமறைப்பு நன்றாக இருக்கும் பூச்சி கண்ணில் படாது, அதுதானே அதன் வேலை. பத்து நிமிடம் தோட்டத்தைச் சுற்றிவிட்டு ஒன்றுமே இல்லை என்று குழந்தைகள் கல்லைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். காகிதப் பூச்சியை ஒளித்துப் பழகிய குழந்தை வேறு மாதிரித் தேடும். நான் இங்கே ஒளிந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்ற கேள்வி அதற்குள் இருக்கும். அதனால்தான் இந்த வரிசையை வலியுறுத்துகிறேன்.

அப்புறம், தோட்டம் முழுக்கச் சுற்றுவதைவிட ஒரே ஒரு செடியை எடுத்துக்கொள்வது மேல். அந்தச் செடி கறிவேப்பிலை. வீட்டுக்கு வீடு இருப்பது, குழந்தையின் உயரத்துக்கே இலை இருப்பது, முள் இல்லாதது. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் இதில் முட்டையிடும். சின்னப் புழு கருப்பும் பழுப்புமாக, நடுவில் வெள்ளைத் தீற்றலோடு, இலையின் மேல்பக்கத்தில் பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கும். பார்த்தால் காக்கா எச்சம்! புழு தேடும் பறவை எச்சத்தைப் பொதுவாகத் தின்னாது. வளர்ந்தபின் எச்சமாக நடிக்க உடம்பு பெரிதாகிவிடுகிறது, தோலுரித்து இலைப்பச்சைக்கு வந்துவிடும். அதே புழு, அதே செடி, இரண்டு வேறு ஏமாற்று வித்தை. தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல இரண்டு கொம்பை நீட்டிக் காரமான வாசனை விடும். கூட்டுப்புழுவாகும்போது பசுந்தளிர்களுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் இருப்பது பழுப்பாகவும் அமையும். முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏறக்குறைய ஒரு மாதம். தினம் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் செடியருகே நின்றால் போதும்.

எச்சம் போலத் தெரிவது எல்லாம் புழுவா, நிஜ எச்சமா என்று குழந்தைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நடக்கட்டும். நாளைக்கு வந்து பார்ப்போம், இடம் மாறியிருந்தால் புழு என்று சொல்லுங்கள்.

கறிவேப்பிலை பழகியபின் பக்கத்து எருக்கஞ்செடிக்குப் போக வேண்டும். அங்கே வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டையோடு யாருக்கும் ஒளியாமல் மேய்ந்துகொண்டிருக்கும். மஞ்சளும் நீலமுமாக எருக்கு வெட்டுக்கிளியும் இருக்கலாம். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் வைத்திருப்பவை ஏன் ஒளிய வேண்டும்? ஒளியாத பூச்சியைப் பார்த்த பிறகுதான் ஒளிவது என்ன என்று முழுதாகப் பிடிபடும். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது, அதனால் இங்கே ஒரு அடி தள்ளி நின்றே பார்க்கட்டும்.

ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. நன்றாக ஒளியும் பூச்சிகளில் கடிப்பவையும் சுணைப்பவையும் உண்டு. மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் அடைஅடையாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சி பட்டையோடு பட்டையாகத்தான் தெரியும், கை வைத்தபிறகுதான் புரியும். இலைகளின் அடியில் இருக்கும் சில பச்சை முள்புழுக்கள் தொட்டால் சுரீரென்று கொட்டும். மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேடும் நாள்களில் ஒரே விதிதான், கண்ணால் தொடு, கையால் தொடாதே. இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாத அளவுக்குக் குழந்தைகள் அதிகமாகவும் பெரியவர்கள் குறைவாகவும் இருந்தால், அன்றைக்குக் காகிதப் பூச்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டப்பாவில் புழு வளர்ப்பது பற்றி நிறையப் பேருக்கு ஆசை உண்டு. வாழ்க்கைச் சுழற்சியைக் காட்ட அது சிறந்த வழி. ஆனால் உருமறைப்பைக் காட்ட அல்ல. இலைக்குள் மறைந்திருந்த பச்சைப் புழுவை எடுத்து வெள்ளைத் தாள் விரித்த டப்பாவில் வைத்த கணமே அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, மறைய இடமில்லை, தேட வேலையுமில்லை. கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போட்டால் மருந்து அடித்ததாக இருந்து புழு செத்துப்போகவும் கூடும். செடியிலேயே விட்டு வையுங்கள்.

பூங்கா ஒரு நல்ல உல்லாசப் பயணம். திருச்சியில் ஸ்ரீரங்கம் மேலூர் அருகே 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா சுமார் 25 ஏக்கரில் இருக்கிறது, நாள் முழுக்கப் பார்க்கலாம். ஆனால் அங்கே குழந்தையின் கண் போவது பறக்கும் இறக்கைகளுக்கும் ஊஞ்சலுக்கும்தான். தேடிப் பழகிய குழந்தையைக் கூட்டிப் போனால் அது இலையைத் திருப்பிப் பார்க்கும், பழகாத குழந்தை ஓடி விளையாடும்.

சரி, உங்கள் நிலைமைக்கு எது? ஒரே ஒரு மதியம்தான் கிடைத்தது, 15 குழந்தைகள், நாலைந்து மரம் என்றால் தயாராகக் கலர் செய்த காகிதப் பூச்சி. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வகுப்பு பெரிது, உதவிக்கு ஆள் இல்லை என்றால் நூல், ஆனால் புல்லிலும் சருகிலும் இரண்டு ஆட்டம். ஒரு மாதம் கையில் இருக்கிறது, வீட்டில் ஒன்றிரண்டு குழந்தைகள் என்றால் இரண்டு நாள் காகிதப் பூச்சி, அப்புறம் கறிவேப்பிலைச் செடி. வடகிழக்குப் பருவமழை பெய்து தளிர் விடும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேடுவதற்குத் தோதான காலம். கோடையில் காலை ஒன்பது மணிக்கு முன் காய்ந்த புல்லில் வெட்டுக்கிளியையும், சருகில் சருகாகவே உட்கார்ந்திருக்கும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியையும் தேடலாம்.

மரமே இல்லாத பள்ளி என்றால் கவலை வேண்டாம். காம்பவுண்டுச் சுவரின் பாசித் திட்டு, துருப்பிடித்த கேட், செங்கல், சிமெண்டுத் தரை எல்லாமே காகிதப் பூச்சிக்கு இடம்தான். கூடவே ஒரு தொட்டியில் கறிவேப்பிலைக் கன்றை நட்டு, மருந்து அடிக்காமல், வெயில் படும் மூலையில் வைத்துவிடுங்கள். இலை விட்டதும் அழகிகள் தாமே தேடிக்கொண்டு வருவார்கள்.